முழுக்கிழங்கு

நம் வீடுகளில் உருளைக்கிழங்கு முழு உருவத்தோடு இலைக்கு வருவதில்லை. வேகவைத்து மசித்தால் போண்டாவுக்குள் போகிறது, இல்லையென்றால் பூரிக்குத் துணையாக மஞ்சள் பூசிக்கொண்டு வருகிறது. பொடியாக அரிந்தால் பொரியல், மெல்லிசாகச் சீவினால் வறுவல். குழம்பில் போட்டாலும் நாலாக வெட்டித்தான். முழுசாகப் போடுவதென்றால் கோலிக்குண்டு அளவுக் கிழங்குதான், அதுவும் ஒரு வாய்க்குள் முடிந்துவிடும். அரைக் கிலோ எடையுள்ள ஒற்றைக் கிழங்கை, ஆளுக்கு ஒன்று என்று, தோலோடு சுட்டு வைக்கிற பழக்கம் நமக்கு வரவே இல்லை. அதனால் அப்படி ஒரு கிழங்கை வளர்க்க வேண்டிய தேவையும் இங்கே யாருக்கும் வரவில்லை. இதை ஓர் இழப்பாகவே நினைக்கிறேன். உருளைக்கிழங்கின் சொந்த ருசி என்னவென்று தெரிய வேண்டுமானால் அதைத் தண்ணீரிலும் எண்ணெயிலும் போடாமல், வெட்டாமல், அதன் தோலுக்குள்ளேயே வேகவிட்டுத் தின்றுபார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கிழங்கு வேண்டும். சின்னக் கிழங்கைச் சுட்டால் தோல்தான் மிஞ்சும்.

பெரிய கிழங்கை ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் சீண்டுவாரில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்றொரு பள்ளத்தாக்கு. எரிமலைச் சாம்பல் படிந்த இலகுவான மண், வாய்க்கால் தண்ணீர், நீண்ட கோடைப் பகல். அங்கே கிழங்குகள் ஒவ்வொன்றும் ஒரு கிலோ வரைக்கும், அதற்கு மேலும்கூட ஊதின. வாங்க ஆளில்லை. தோல் சொரசொரப்பு, வேக நேரமாகும் என்று வியாபாரிகள் தள்ளிவிட, விவசாயிகள் அவற்றைப் பன்றிக்குப் போட்டார்கள். 1908-இல் நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் உணவுப் பெட்டிகளுக்குப் பொறுப்பேற்ற ஹேசன் டைட்டஸ் என்பவர் காதில் இந்தப் புலம்பல் விழுந்தது. சில கிழங்குகளை வரவழைத்து, அவசரப்படாமல் மெதுவான சூட்டில் முழுசாகச் சுட்டுப் பார்த்தார். உள்ளே வெள்ளை மாவாக உதிர்ந்தது. பெரிய கிழங்கு எவ்வளவு இருந்தாலும் ரயில்வே வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்துவிட்டார். 1909 தொடங்கி அந்த ரயில்களில் ஒரு பெரிய சுட்ட கிழங்கும் வெண்ணெயும் 10 சென்ட்டுக்குக் கிடைத்தன. கொஞ்ச காலத்தில் அந்த ரயில் பாதையின் விளம்பரமே 'பெரிய சுட்ட கிழங்கின் பாதை' என்றாகிவிட்டது.

மண்ணிலும் கிழங்கிலும் எந்த மாற்றமும் இல்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது. யாரோ ஒருவர் அதை ஏற்ற முறையில் சமைத்தார், அவ்வளவே. பன்றிக்குப் போனது பயணிகளின் தட்டுக்கு வந்தது.

அந்தக் கிழங்கின் வம்சத்தையும் சொல்ல வேண்டும். 1870-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸில் லூதர் பர்பாங்க் என்ற இளைஞர் தன் தோட்டத்தில் 'எர்லி ரோஸ்' ரகச் செடி ஒன்றில் காய் பிடித்திருப்பதைப் பார்த்தார். உருளைச் செடியில் காய் என்பது பச்சைத் தக்காளிப் பிஞ்சு போன்ற ஒரு சின்ன உருண்டை. அந்த ரகத்தில் அது அபூர்வம். முற்றட்டும் என்று காத்திருந்தவர் ஒரு நாள் போய்ப் பார்த்தால் காயைக் காணோம். செடியைச் சுற்றித் தேடி, மண்ணில் உதிர்ந்து கிடந்ததைக் கண்டெடுத்தார். உள்ளே 23 விதைகள். அத்தனையையும் விதைத்தார். கிழங்கிலிருந்து நடும் செடி தாயை அச்சாக ஒத்திருக்கும். விதையிலிருந்து வருவதோ ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அந்த 23-இல் ஒன்று நீளமாக, பெரிதாக, வெள்ளையாக வந்தது. அதன் உரிமையை 150 டாலருக்கு விற்றுவிட்டு 1875-இல் அவர் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். பின்னாளில் அதே ரகம் தன்னியல்பாகத் தோல் மாறி, பழுப்பாகச் சொரசொரத்து, 'ரஸட் பர்பாங்க்' ஆனது. யாக்கிமாவில் ஒதுக்கப்பட்டதும் இதுதான். இன்று உலகமெங்கும் நீள நீளமாகப் பொரித்துக் கொடுக்கும் பிரெஞ்சு ஃப்ரைஸில் கணிசமான பங்கு இதன் உபயம். பொரிப்பவர்களுக்கு நீளம் வேண்டும், சுடுகிறவர்களுக்குப் பருமன் வேண்டும். இரண்டையும் அது கொடுத்தது.

இனி என் நிலத்துக்கு வருகிறேன். கோத்தகிரிச் சரிவில் வீட்டுக்குப் பின்னால் மூன்று துண்டு நிலம். கிழங்கு வருஷத்துக்கு ஒரு துண்டில் மட்டும். மற்றவற்றில் பீன்ஸ், முள்ளங்கி, பூண்டு. மாற்றிப் போடுவதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய கிழங்குக்கு நிறைய உரம் போட வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். யூரியாவை அள்ளிப்போட்டால் இலைதான் கொழுக்கும். கிழங்கின் பருமனைத் தீர்மானிப்பது எண்ணிக்கை. உருளைக்கிழங்கு வேரல்ல, மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி வீங்கியது. அதன் 'கண்' ஒவ்வொன்றும் ஒரு கணு. செடிக்கு ஒன்றரை மாதம் ஆகும்போது, ஒன்றிரண்டு வார இடைவெளிக்குள் எத்தனை நுனி வீங்கப்போகிறது என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். அதற்குப் பிறகு இலைகள் சமைக்கும் மாவுச்சத்து அத்தனைக்கும் பங்கு பிரியும். பிள்ளைகள் குறைவாக இருந்தால் ஆளுக்குக் கிடைப்பது அதிகம். ஆக, தண்டு குறைந்தால் கிழங்கு குறையும், கிழங்கு குறைந்தால் பருமன் கூடும். விதைக்கிழங்கில் முதலில் நுனிக்கண் மட்டும் முளைவிட்டிருக்கும்போதே நட்டுவிட்டால் ஒன்றிரண்டு தண்டுதான் எழும். நாளாகி எல்லாக் கண்ணும் முளைத்துவிட்ட விதையை நட்டால் புதராக மண்டும், கிழங்கும் பொடிப்பொடியாக நிறைய வைக்கும்.

அடுத்தது இடைவெளி. இந்த மலையில் வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 என்பது வழக்கமான கணக்கு. நான் வரிசைக்கு 75, செடிக்கு 45 விடுகிறேன். மேல்வீட்டுப் பெரியவர், வாழ்நாள் முழுக்கக் கிழங்கு போட்ட படுகர், வேலியோரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இவ்வளவு தள்ளி வச்சா பாதி நிலம் சும்மால்ல கிடக்கும், தம்பி?"

"விக்கறதுக்கு இல்லைங்கய்யா. பெரிசா எடுத்து சுட்டுத் திங்கத்தான்."

"சுடறதுக்கா? அப்ப சரி. ரெண்டு முளைக்கு மேல இருந்தா கிள்ளி விட்ருங்க. தண்ணிய மட்டும் ஒரே சீரா விடுங்க, காயப்போட்டு ஊத்தாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் தங்கம். கிழங்கு பருக்கும் நாட்களில் மண் ஒரு வாரம் காய்ந்து, பிறகு திடீரென்று மழையோ தண்ணீரோ கிடைத்தால், நின்றுபோன வளர்ச்சி ஒரேயடியாகப் பாயும். கிழங்கில் பக்கத்துக்கு ஒரு மூக்கு முளைக்கும், தோல் வெடிக்கும். உள்ளே நடுவில் நட்சத்திரம் போல ஒரு வெற்றிடம் விழுந்து அதன் ஓரம் பழுப்பாக இருக்கும். தின்றால் கெடுதல் இல்லை, வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் பெரிய கிழங்குக்குத்தான் இந்தக் குறை அதிகம் வரும். சீரான ஈரத்துக்கு வைக்கோல் மூடாக்கு நல்லது. செடி ஒரு சாண் உயரம் வந்ததும் ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை மண் அணைக்க வேண்டும். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகி சோலனைன் என்ற கசப்பு நஞ்சு ஏறிவிடும். பெரிய கிழங்கு மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே எட்டிப் பார்க்கும் என்பதால் நான் மூன்றாம் தடவையும் அணைக்கிறேன். அடுப்புச் சாம்பலைத் தோட்டத்தில் கொட்டும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பாத்தியை விட்டுவிடுங்கள். சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைக்கும், புளிப்புக் குறைந்தால் தோலில் சொறி விழும். தோலோடு தின்னப்போகும் கிழங்குக்கு அது ஆகாது.

இவ்வளவும் செய்தாலும் நீலகிரி யாக்கிமா ஆகிவிடாது. அங்கே கோடையில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகையில் இருக்கிறோம், நம்முடைய மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தைத் தொடாது. பகல் குறுகினால் செடி சீக்கிரமே கிழங்கு வைக்கத் தொடங்கி, இலையை அதிகம் பெருக்காமல் முதிர்ந்துவிடும். நாலு மாதத்தில் பயிர் முடிந்தது. நமக்குச் சாதகமானது குளிர்ந்த இரவு. இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் இலையில் சேர்ந்த சத்து கிழங்குக்கு நன்றாக இறங்கும். வெப்பம் 30-ஐ நெருங்கினால் கிழங்கு வைப்பதே நின்றுபோகும். ஆகவே இங்கே முக்கால் கிலோ வந்தால் அது பெரிய கிழங்கு, 300 கிராம் வந்தால் சுடுவதற்குப் போதும். எடைக்காக மட்டும் வளர்ப்பவர்கள் வேறு உலகத்தவர்கள். இங்கிலாந்தில் 2011-இல் எடுத்த 4.98 கிலோ கிழங்குதான் கின்னஸ் சாதனை. 2021-இல் நியூசிலாந்தில் ஒரு தம்பதி தங்கள் தோட்டத்தில் 7.8 கிலோ கிழங்கைத் தோண்டினார்கள். மரபணுவைச் சோதித்தபோது அது உருளைக்கிழங்கே அல்ல, ஒருவகைச் சுரைக் குடும்பக் கொடியின் கிழங்கு என்று தெரிந்தது. எனக்கு வேண்டியது அடுப்புக்குள் போகிற, ஒருவர் உட்கார்ந்து தின்று முடிக்கிற அளவு. அதைத் தாண்டிய பருமனில் ருசி கூடுவதில்லை.

தோண்டும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். இலை பழுத்து, தண்டு சாய்ந்து காய்ந்த பிறகும் பத்துப் பதினைந்து நாள் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும். ஓரமாக ஒரு செடியைப் பறித்து, கட்டைவிரலால் தோலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தோல் வழுக்கி உரிந்து வந்தால் இன்னும் நாள் இருக்கிறது. விரல் சறுக்கிப்போய் தோல் அப்படியே நின்றால் முற்றிவிட்டது. மண்வெட்டி வேண்டாம், முள்கொத்து போதும். அதையும் செடியிலிருந்து ஓரடி தள்ளிக் குத்தி நெம்ப வேண்டும். மண் பிளக்கும்போது முதலில் ஒரு முதுகு தெரியும். பிறகு கையால்தான். விரலைச் சுற்றிலும் விட்டு, கிழங்கின் அடி எங்கே முடிகிறதென்று தடவிக்கொண்டே போவேன். முடியும் என்று நினைத்த இடத்தில் முடியாமல் இன்னும் போகிறபோது உண்டாகிற சந்தோஷத்துக்கு வயசே இல்லை. எடுத்ததும் கழுவக் கூடாது. செம்மண்ணோடு இருட்டறையில் காற்றுப் படும்படி பரப்பிவிட்டால் இரண்டு வாரத்தில் காயம்பட்ட இடமெல்லாம் தானாகத் தழும்பு கட்டிவிடும். ஃப்ரிஜ்ஜில் வைக்கவே வேண்டாம். அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, சுடும்போது உள்ளே கருக்கும், இனிப்பும் தட்டும்.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு இந்தக் கிழங்கைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? பெருவெட்டு என்று ஓரம் கட்டப்படும் கிழங்குக்கும் ஓட்டல்காரர்கள் உண்டு, தோலுரிக்க நேரம் மிச்சம் என்று வாங்குவார்கள். ஆனால் ஏக்கரில் கால்வாசிச் செடி வைத்து, நாலு மாதம் சீராகத் தண்ணீர் காட்டி எடுத்ததற்கு அந்த விலை கட்டாது. விவசாயியை இதற்குக் குறை சொல்ல நான் தயாரில்லை. பின்பருவக் கருகல், காட்டுப்பன்றி, கூலி எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி ஊட்டிக் கிழங்கைக் காப்பாற்றி வருகிறவர்கள் அவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி வெளியூர்க் கிழங்கில் செம்மண்ணைப் புரட்டி விற்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வருஷம் முழுக்கக் கிழங்கு பேசிய மலை இது. இன்று அந்தச் சரிவுகளில் பெரும்பகுதி தேயிலை. இருக்கிற காய்கறி நிலத்திலும் கேரட் முந்திக்கொண்டது. பெரிய கிழங்கு வேண்டுமென்றால் வீட்டுத் தோட்டத்தில்தான் வளர்த்தாக வேண்டும்.

சுடுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு பங்கு உப்புக்குப் பதினோரு பங்கு தண்ணீர் ஊற்றிக் கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுச்சத்து அதிகம், சுட்டால் பூவாக உதிரும். மிதந்தால் தண்ணீர்ச் சத்து அதிகம், அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். நம் பக்கத்துக் குஃப்ரி ஜோதி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ரகம். 1968-இல் வெளிவந்தது, இன்னும் அதற்கு மவுசு. ஒரே பாத்தியில் எடுத்த கிழங்கிலேயே சிலது மூழ்கும், சிலது மிதக்கும். நன்றாக முற்றவிட்டுத் தோண்டியவை பெரும்பாலும் மூழ்குகின்றன.

கழுவித் துடைத்து, ஈரம் போக அரை மணி நேரம் ஆறவிடுங்கள். முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சேரும் ஆவி எப்போதாவது கிழங்கை வெடிக்க வைக்கும். எண்ணெயைக் கடைசிக் கால் மணி நேரத்தில் தடவினால் தோல் மொறுமொறுப்பாகும். ஓவனை 200 டிகிரியில் சூடாக்கி, தட்டில் வைக்காமல் கம்பி வலை மேலேயே கிழங்கை வையுங்கள், அடியிலும் சூடான காற்று பட வேண்டும். 300 கிராம் கிழங்குக்கு ஒரு மணி நேரம், அரைக் கிலோவுக்கு ஒன்றரை. முதல் அரை மணி நேரம் எந்த வாசனையும் வராது. பிறகு மழை பெய்த மண் வாசனை மாதிரி ஒன்று கிளம்பும், அது தோலில் இருந்து வருவது. கடைசியில் கடலை வறுக்கிற வாசனை வரும்போது திறந்து பார்க்கலாம். துணியால் பிடித்து அமுக்கினால் உள்ளே இளகிக் கொடுக்க வேண்டும். கிழங்கின் நடு 97 டிகிரியைத் தொட்டிருந்தால் சரியான பதம். எடுத்த உடனே மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நாலு பக்கமும் அழுத்துங்கள். ஆவி புஸ்ஸென்று வெளியேறும், உள்ளிருப்பது மலர்ந்து மேலே வரும். இந்த ஒரு நிமிஷம் தாமதித்தால் அந்த ஆவியே திரும்பத் தண்ணீராகி மாவைப் பிசுபிசுப்பாக்கிவிடும். கீறியதும் மலர்ந்து வருவது, மாவணுக்கள் ஊதி, ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து நிற்கும் பக்குவம். கல்லுப்பும் வெண்ணெயும் போதும், பிறகு மிளகு. முதல் தடவை தின்பவர்கள் இட்லிப்பொடி, சாஸ் எதையும் பக்கத்தில் கொண்டுவராமல் இருந்தால் நல்லது.

அலுமினியத் தாளில் சுற்றிச் சுடுவது வேண்டாம் என்பேன். தாளுக்குள் ஆவி அடைந்து கிழங்கு அவிந்துவிடும், தோல் தோலாகவே இராது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மண்ணில் வளர்ந்த பொருளில் போட்யூலிசம் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும், அவை ஓவன் சூட்டிலும் பிழைக்கும். தாளோடு வெளியே வைத்துவிட்டால் காற்றில்லாத, ஈரமான, வெதுவெதுப்பான அந்தச் சூழலில் நஞ்சு உண்டாகலாம். 1994-இல் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் ஓர் உணவகத்தில் இப்படித் தாளில் சுற்றிச் சுட்டு வெளியே வைத்திருந்த கிழங்கால் 30 பேர் பாதிக்கப்பட்டார்கள். சுட்டதைச் சூடாகவே தின்றுவிடுங்கள். மிஞ்சினால் தாளைப் பிரித்துவிட்டு ஃப்ரிஜ்ஜில் வையுங்கள்.

ஓவன் இல்லாதவர்களுக்கு விறகடுப்புத் தணல் இருக்கிறது. வெந்நீர் அடுப்பில் சர்க்கரைவள்ளியைப் புதைத்துத் தின்று வளர்ந்தவர்கள் நாம், சுடுகிற கலை நமக்குப் புதிதல்ல. சாம்பலை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, கிழங்கை வைத்து, மேலும் சாம்பல் மூடி அதன் மேல் தணலைப் போட வேண்டும். தணல் நேராகப் பட்டால் வெளியே கரியும், நடுவே பச்சையும் மிஞ்சும். ஆண்டிஸ் மலையில், உருளைக்கிழங்கு பிறந்த இடத்தில், அறுவடை நாளில் வயலிலேயே இதைச் செய்கிறார்கள். மண்கட்டிகளைக் குவிமாடமாக அடுக்கி, உள்ளே தீ மூட்டி, கட்டிகள் சிவக்கக் காய்ந்ததும் கிழங்கை உள்ளே போட்டு, குவிமாடத்தை அதன் மேலேயே இடித்துத் தள்ளுவார்கள். 'வாத்தியா' என்று பெயர். கிழங்கு வளர்ந்த மண்ணே அதைச் சுட்டும் கொடுக்கிறது. மேல்வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, சின்ன வயசில் தோண்டி முடிந்ததும் காய்ந்த செடியைக் குவித்துக் கொளுத்தி அதில் கிழங்கு போட்டுத் தின்றதைச் சொன்னார். "பெரிசு வேகற வரைக்கும் யாருக்குப் பொறுமை, தம்பி? சின்னதாப் பாத்துத்தான் போடுவோம்" என்றார். இந்தத் தடவை அவருக்கென்று அரைக் கிலோ கிழங்கு ஒன்றை ஒன்றரை மணி நேரம் சுட்டுக் கொடுத்தேன். தோலோடு முழுசும் தின்றார்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். மலையில் இருப்பவர்களுக்கு மூன்று போகமும் இருக்கிறது. ஓசூர், தாளவாடி மாதிரி இரவு குளிரும் ஊர்களில் பனிக்காலம் தோது. சென்னையிலும் மதுரையிலும் மாடித்தொட்டியில் செடி வரும், கிழங்கு தேறாது. அங்கே இருப்பவர்கள் நல்ல மாவுக்கிழங்காகப் பொறுக்கி வாங்கிச் சுட்டால் போதும். ஒன்றை மட்டும் கட்டாயம் கேட்டுக்கொள்கிறேன்: நீலகிரிக்கு வந்துபோகும்போது ஊட்டிக் கிழங்கை விதைக்கென்று ஊருக்கு எடுத்துப்போகாதீர்கள். 1961-இல் இந்த மண்ணில் கண்டுபிடிக்கப்பட்ட தங்க நூற்புழு கிழங்கில் ஒட்டிய மண்ணோடு பயணம் போகும். அதன் முட்டைக்கூடு செடியே இல்லாத நிலத்திலும் இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். நான் மூன்று துண்டு நிலத்தை மாற்றி மாற்றிப் போடுவதும் அதற்காகத்தான். முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் இத்தனை காலமாக அதை எதிர்த்துத்தான் போராடி வருகிறார்கள். சமையலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போங்கள். விதையை மட்டும் நூற்புழு இல்லாத ஊரில், சான்று பெற்றதாகக் கேட்டு வாங்குங்கள்.